பூண்டுக் காட்டில் ஒரு வள்ளி

மேடைக்குப் பின்னால் வள்ளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மிருதங்கக்காரர் பனியில் தொய்ந்துபோன தோலைத் தட்டித் தட்டிச் சுருதிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல வாசிக்கிறதுக்கு ரெண்டு சம்பளம் குடுக்கணும்ப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மிருதங்கத்துக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மாசி மாதம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் பக்கத்தில், என் அம்மா பிறந்த ஊரின் திருவிழா. ஒரு வாரம் முன்பே மாமா போன் பண்ணியிருந்தார். "ஸ்பெஷல் நாடகம் போடுறோம் மாப்ளே. வள்ளி திருமணம். நீதான் நாடகமெல்லாம் பாக்குறவனாச்சே, வந்துரு." அந்த 'நாடகமெல்லாம்' என்பதில் ஒரு சின்ன ஊசி இருந்தது. மதுரையில் கல்லூரி படித்த நாட்களில் நான் நவீன நாடகம் தவிர வேறு எதையும் நாடகம் என்று ஒப்புக்கொண்டதில்லை. கறுப்புத் துணி, வெற்று மேடை, நாலு பேர், நீண்ட மௌனம். அதைப் பற்றி மாமாவிடம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு இருக்குமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்குடா ராத்திரி முழிக்கணும்?"

ஸ்பெஷல் நாடகத்தை அப்போதெல்லாம் நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சீரியல் லைட்டு, பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சு, ஊர்ப் பெரியவர்கள் மேடையேறி மாலை போடுவது, இதற்கு நடுவில் எங்கோ முருகன். இதுதான் என் தலையில் இருந்த படம். படம் தப்பு என்று சொல்ல மாட்டேன். இதெல்லாம் அன்றைக்கும் இருந்தது. ஆனால் விடியும்போது நான் வேறு ஆளாக இருந்தேன். அதற்குக் காரணமான மனுஷர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். ஊர்க்காரர்கள் ஏஜென்ட் மூலமாக ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். நோட்டீஸில் ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் அவரவர் ஊர்ப் பெயர் இருக்கும். எங்கள் ஊர் நோட்டீஸில் மதுரை, புதுக்கோட்டை, மணப்பாறை, திண்டுக்கல் எல்லாம் இருந்தன. அன்று சாயங்காலம் ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வள்ளியாக வந்தவரும் முருகனாக வந்தவரும் டீக்கடையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடியும்வரை ஆடப்போகிறவர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு, "அண்ணே, எந்த ஊரு?" என்று விசாரித்துக்கொள்கிறார்கள்.

பபூனும் டான்ஸும் வந்துபோன முதல் இரண்டு மணி நேரத்தை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பபூன் மங்கி குல்லாவைக் கழற்ற மறுத்ததும், "இது வேஷம் இல்லப்பா, உயிர்" என்று சொன்னதும் மட்டும் நினைவிருக்கிறது. மற்றபடி அந்தப் பகுதியை நான் இன்னும் ரசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அத்தை கண்ணில் நீர்வரச் சிரித்தார். குறை என்னிடமாகக்கூட இருக்கலாம்.

நள்ளிரவு தாண்டி வள்ளி வந்தாள். ஸ்வெட்டர் இல்லை. கைகள் வெறுமையாக, பச்சைச் சேலையில், அந்தக் குளிரில். இரண்டு டிரம் மேல் பலகை போட்டிருந்தார்கள், அதுதான் பரண். ஏறி நின்று கையை வாயருகே குவித்து, "ஆலோலம்... ஆலோலம்..." என்று இழுத்தாள். தினை தின்ன வரும் கிளியையும் குருவியையும் விரட்டும் குரல். எனக்கு அது பாட்டாகத்தான் கேட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்காது. அங்கே கம்பளிக்குள் சுருண்டிருந்த ஒவ்வொருவரும் பூண்டுக் காட்டுக்கோ கேரட் காட்டுக்கோ ராக்காவல் போகிறவர்கள். (எங்கள் பக்கம் தோட்டத்தைக் காடு என்றுதான் சொல்வோம். நிஜமான காடு, அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம்.) என் அத்தை பக்கத்து வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "தொண்டை இப்படித்தான் போகும். எனக்கும் போன மாசம் பூராம் கட்டிக்கிருச்சு."

ஏட்டில் குறிஞ்சித் திணை என்று படித்தவன் நான். தினைப்புனம் காக்கும் பெண், அங்கே வரும் வேட்டுவன், எல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மலையில் பிறந்தும், அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் நாரதர் வந்தார். ஸ்பெஷல் நாடகம் பார்க்கிறவர்கள் காத்திருப்பது இதற்குத்தான், தர்க்கம். நாரதர் கேட்கக் கேட்க வள்ளி மடக்க வேண்டும். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் விருத்தம், நடுவில் வசனம். வசனம் பெரும்பாலும் அவரவர் கைச்சரக்கு. நாரதர் ஆரம்பித்தார்: பறவையும் உயிர்தானே, பசிக்குத் தின்ன வந்ததை விரட்டுவது தர்மமா? வள்ளி யோசிக்கவே இல்லை. "சாமி, நீங்க தம்புராவத் தூக்கிக்கிட்டு மூணு லோகமும் சுத்துறீங்க. உங்களுக்குப் பசிச்சா யார் வீட்ல சாப்பிடுறீங்க?" "அன்பர்கள் வீட்டில்." "அந்த அன்பர் காட்டுல குருவி தின்னது போக மிச்சம்தான சாமி உங்க இலைக்கு வரும்?"

கைதட்டல். நாரதர் விடவில்லை. குருவி என்ன மூட்டை கணக்கிலா தின்றுவிடும் என்றார். "குருவி தின்னாக்கூட மனசு ஆறும் சாமி. வெதைப் பூண்டு வாங்குறப்ப ஒரு வெல, வெளஞ்சு விக்கிறப்ப ஒரு வெல. நடுவுல திங்கிறது எந்தக் குருவின்னு நாரதரே சொல்லணும்."

கூட்டம் எழுந்துவிட்டது. விசிலடித்தது எங்கள் எழுபது வயசு மாமா. அந்த நடிகை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பூண்டு வியாபாரம் விசாரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். சரக்கு கொள்முதல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எழுதியவரின் நினைப்பு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள். ஊருக்குத் திரும்பி வந்தபின் 'வள்ளி திருமணம்' புத்தகத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. மேடையில் எட்டு மணி நேரம் ஓடியது, அச்சில் இத்தனைதானா என்று இருந்தது. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது வேறொன்று பிடிபட்டது. பாட்டுகள் முளைக்குச்சி மாதிரி அடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. வெண்பா, விருத்தம், சிந்து, கண்ணி என்று ஒவ்வொன்றும் இறுகிக் கிடக்கிறது, அசைக்க முடியாது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் கயிறு எவ்வளவு நீளம் என்பது ஆடுகிறவர்கள் பாடு. திண்டுக்கல் நாரதருக்கும் மணப்பாறை வள்ளிக்கும் ஒத்திகை ஏன் வேண்டியிருக்கவில்லை என்றால், அடுத்த பாட்டு எது என்று இருவருக்கும் தெரியும். அதுவரை எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், பூண்டு மண்டிக்குக்கூட.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழ் படிக்க வந்து சேர்ந்தது பழனியில். தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் கூடப் படித்தவர். பழனியில் தெற்கே திரும்பினால் எங்கள் மலைதான் சுவர் மாதிரி நிற்கும். மேகமில்லாத நாளில் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும். அந்த வயசில் அவர் இந்தச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு செய்யுள் உருப்போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு சந்தோஷம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினார். 24 வயதில், 1891-இல், கணக்கை மூடிவிட்டு நாடகத்துக்குப் போனார். அதே 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை, உரைநடை நாடகம். கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த நாடக வரலாறு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். கிராமத்துக் கொட்டகைகளில் இன்றைக்கும் ராத்திரிக்கு ராத்திரி ஓடிக்கொண்டிருப்பது சுவாமிகள் எழுதியது.

நடிகராகத்தான் தொடங்கினார். எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேஷங்கள். ஒருமுறை நளன் கதையில் சனீஸ்வரனாக ஆடிவிட்டு, விடியக் கருக்கலில் வேஷத்தைக் கலைக்க நீர்க்கரைக்குப் போனாராம். அங்கே இருந்த ஒரு பெண் அவரைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரை விட்டாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதோடு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போனார். முழுக்க அப்படியே நடந்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாடகக்காரர்கள் தங்கள் வாத்தியாரைப் பற்றி இப்படியொரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு முக்கியம்.

சரி, மேடைக்கு வருவோம். மணி இரண்டு இருக்கும். முருகன் வேடனாக வந்துவிட்டார். வில், தலையில் இறகு, பாதி நரைத்த மீசை. நல்ல கனத்த குரல். தான் அடித்த மான் இந்தப் பக்கம் ஓடிவந்ததா என்று கேட்டு, 'காயாத கானகத்தே' எடுத்தார். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட பாட்டு. அவர் 1933-இல் 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன உயரத்தை எட்ட இன்றைக்கும் ஒவ்வொரு ராஜபார்ட்டும் எக்கிப் பார்க்கிறார்.

அந்தப் பாட்டின் சூட்சுமம் என்னவென்றால், வேடன் தேடுவது மேயாத மான், புள்ளி மேவாத மான். மானென்றால் மேயும், புள்ளி இருக்கும். இரண்டும் இல்லாத மான் எது? கேட்கப்படுகிறவளேதான். ஒரு விசாரணைக்குள்ளே ஒரு விண்ணப்பத்தை வைத்திருக்கிறார் சுவாமிகள். வள்ளிக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. ஆகவே அவள் மானைப் பற்றியே பேசியாக வேண்டும், அவனும் மானைப் பற்றியே கேட்டாக வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேருக்கும் அது மானில்லை என்று தெரியும். நவீன நாடகத்தில் இதற்கு உள்ளுரை, அடிப்பிரதி என்று என்னென்னவோ பேர் வைத்துப் பேசியிருக்கிறோம். மாமா என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "மேயாத மான்னு ஒண்ணு இருந்தா நாம எதுக்குடா குளிர்ல காவக் கெடக்கோம்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசையில் ஒருவர் போன் அடித்தது. எடுத்தவர் எழுந்தார். பின்னாலேயே நாலைந்து பேர். பள்ளத்துக் காட்டில் காட்டுமாடு இறங்கிவிட்டதாம், மூன்று உருப்படி. காட்டுமாடு தின்பதைவிட மிதிப்பது அதிகம். ஒரு பாத்தியில் குறுக்கே நடந்தாலே ஆறு மாத வேலை போச்சு. டார்ச் லைட்டும் தகரமுமாக எல்லோரும் ஓடுகிறார்கள். பாட்டு பாதியில் நிற்கிறது. நானாக இருந்தால் மேடையில் விழித்துக்கொண்டு நின்றிருப்பேன். வேடன் வில்லை ஊன்றிக்கொண்டு ஓடுகிறவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வள்ளி பக்கம் திரும்பினார்.

"பெண்ணே, நான் தேடி வந்தது மான். இவர்கள் தேடிப் போவது மாடு. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், எவ்வளவு வேகம் பார்த்தாயா?"

வள்ளி: "எழுத்து ஒண்ணுதான் வேடரே. மான் வந்தா ஆலோலம்னு பாடலாம். மாடு வந்தா பாட்டுக்கு நேரமில்ல. ஓடணும்."

ஆர்மோனியக்காரர் சிரித்துக்கொண்டே விட்ட இடத்தில் சுருதியைப் பிடித்தார். பாட்டு தொடர்ந்தது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, இதைத்தான் நான் எழுத நினைத்ததே. சுவாமிகளுக்கு நடிகர்கள் இப்படி இஷ்டத்துக்குப் பேசுவது பிடிக்காது. பெரிய நடிகர்கள் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு மேடையில் கட்டுப்பாடில்லாமல் வாதாடுவது பொறுக்காமல்தான் அவர் சிறுவர்கள் பக்கம் திரும்பினார் என்று சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைகளை வைத்து பாலர் சபை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படித்தான் வந்தது. பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்த பிள்ளைகள். சின்னப் பையனான டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் ஒரே ராத்திரியில் எழுதிக்கொடுத்த கதை நாடக உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாமல், பாட்டும் வசனமுமாக, விடிவதற்குள்.

அவர் விரும்பி வளர்த்த பாலர் சபைகள் இன்றைக்கு இல்லை. அவர் தலையில் அடித்துக்கொண்ட வாதாட்டம் இருக்கிறதே, அதுதான் அவர் பாட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நூறு வருஷம் நடந்து எங்கள் ஊர்வரைக்கும் ஏறி வந்திருக்கிறது. வாத்தியார் சொன்னதைக் கேட்காத பிள்ளைகள்தான் வாத்தியாரைச் சாகாமல் வைத்திருக்கிறார்கள். மதுரை தமிழ்ச் சங்கம் சாலையில் அவர் சிலை இருக்கிறது. கல்லூரி நாட்களில் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், நவீன நாடகம் பார்க்க. ஒருமுறைகூட நின்றதில்லை.

கடைசிக் காலம் மனசுக்குக் கஷ்டமானது. பக்கவாதம் வந்து பேச்சும் கையும் போய்விட்டன. ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் எழுதிய கை. சொல்லச் சொல்ல ஆள் வைத்து எழுதலாம் என்றால் வாயும் இல்லை. அந்த நிலையிலும் சபையோடே ஊர் ஊராக இருந்திருக்கிறார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார்.

நாலு மணிக்குக் காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். முழங்கால்வரை சேறு. மேடையில் முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் தின்று விக்கிக்கொண்டிருந்தார். சேற்றுக் காலோடு உட்கார்ந்தவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "யானை வந்துருச்சா?" ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடை யானையைக் கேட்டிருக்கிறார். இல்லை, இன்னும் வரவில்லை என்றேன். "அப்பாடா" என்று காலை நீட்டிக்கொண்டார்.

யானை வந்தது. இரண்டு பேர், மேலே ஒரு சாம்பல் கம்பளி, முன்னால் துணியில் தைத்த தும்பிக்கை. கம்பளி எங்கள் அத்தையுடையது, கரை எனக்கு நன்றாகத் தெரியும். வள்ளி பயந்து ஓடிக் கிழவனைக் கட்டிக்கொண்டாள். சிறுசுகள் எல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்து கத்தின. கிழக்கே வெளுக்கும்போது கல்யாணம் நடந்தது. பூம்பாறைச் சாமி குழந்தை வேலப்பர், அருணகிரிநாதரைக் காப்பாற்றக் குழந்தையாக வந்தவர் என்று தலபுராணம். "நம்ம பக்கம் சாமி கைக்கொழந்தை. அதுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க வெளியூர்லேர்ந்துதான் ஆள் வரவேண்டியிருக்கு" என்று மாமா அரைத் தூக்கத்தில் சொல்லிவிட்டு வேட்டியை உதறி எழுந்தார்.

கொடைக்கானல் பஸ்ஸில் நானும் ஏறினேன். வள்ளி முகம் கழுவி, அதே ஸ்வெட்டரில், ஜன்னலோரம். காதோரம் மட்டும் அரிதாரம் போகவில்லை. அத்தை கொடுத்த பூண்டுப் பை மடியில் இருந்தது, வேஷப் பெட்டி நடைபாதையில். அன்று ராத்திரி சிவகங்கைப் பக்கம் எங்கோ மறுபடி வள்ளி திருமணம், வேறு முருகன், வேறு நாரதர். யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "நோட்டீஸ்ல போட்டிருப்பாங்க தம்பி, போய்ப் பாத்துக்கலாம்" என்றார். சுவாமிகளைப் பற்றிக் கேட்டேன். கையை நெஞ்சில் வைத்து, "அவரு போட்ட சோறு" என்று மட்டும் சொன்னார்.

கண்டக்டர் வந்து பெட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

"இந்தப் பெட்டி உக்காந்திருக்கா, நிக்குதா தம்பி?"

"நிக்குதும்மா."

"மனுஷன் நின்னுக்கிட்டு வந்தா எவ்வளவு?"

"உக்காந்தாலும் நின்னாலும் ஒரே டிக்கெட்தான்."

"அப்ப டிக்கெட் வாங்குன பெட்டிக்கு, எடம் காலியானா நீ சீட்டு குடுக்கணும்ல? எந்த சீட்டுன்னு காமி, வாங்கிக்கிறேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த நாரதர், கண்ணைத் திறக்காமலே, "நாராயண... நாராயண..." என்றார்.